தமிழ் விடைத்தாளில் நாம் படிக்காமல் விடும் வரிகள்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாளாக நடக்கிறது. அதில் மூன்று நெடுவினாக்களுக்கு மட்டும் 24 மதிப்பெண். குறிப்புச் சட்டகம், முன்னுரை, மேற்கோள், முடிவுரை என்று அந்த விடைகளுக்கு ஒரு கூடு கட்டித் தருவதிலேயே நம் பாடவேளைகள் பெருமளவு கழிந்துவிடுகின்றன. அந்தப் பழக்கத்தில், அடிக்கோடிட்ட தலைப்புகளைப் பார்த்தே மதிப்பெண் இட்டுவிட்டு, நடுவிலுள்ள பத்திகளைப் படிக்காமல் விடுகிறோம். தமிழாசிரியர் செய்யும் தவறுகளில் இதையே நான் முதலில் வைப்பேன்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி விடியற்காலையைப் பற்றி எழுதிய கட்டுரை நினைவுக்கு வருகிறது. முதல் பத்தியில் செங்கதிரோன் பொற்கதிர்களை வீசினான். கடைசிப் பத்தியில் இயற்கையைப் போற்றுவோம் என்று முடிந்தது. இரண்டுமே மனப்பாடம். இடையில் ஒரு வரி: 'மீன் ஏலம் விடுகிறவர் குரல் கேட்டால்தான் எங்கள் தெருவுக்கு விடியும்.' கட்டுரையில் அவளுடையது அந்த ஒரு வரிதான். அதே பத்தியில் 'வலைய இஸ்துகினு வந்தாங்க' என்றும் எழுதியிருந்தாள். இப்படிப்பட்ட இடத்தைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு மேலே போவது இரண்டாவது தவறு. கரிசல் வட்டார வழக்கில் அமைந்த கதைப்பகுதியைப் பத்தாம் வகுப்புப் பாடநூலே தரும்போது, வடசென்னைப் பேச்சை மட்டும் பிழை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கதைமாந்தர் பேசும் இடத்தில் அது அப்படியே இருக்கலாம், கட்டுரையாளர் சொல்லும் இடத்தில் 'வலையை இழுத்துக்கொண்டு வந்தார்கள்' என்று எழுத வேண்டும் என்ற வேறுபாட்டைக் கற்றுத் தருவதுதான் நம் வேலை.

நயம் பாராட்டும் வினாவில் நாம் செய்யும் தவறு இன்னும் ஆழமானது. எதுகை, மோனை, இயைபு என்று வரிசையாகச் சொற்களைப் பிரித்து எழுதினாலே முழு மதிப்பெண் கிடைக்கும் என்று பழக்கிவிட்டோம். 391ஆம் குறளை எடுத்துக்கொள்வோம்:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக.

'கற்க, நிற்க என்பன அடி எதுகை' என்று எழுதுவதோடு மாணவர் நின்றுவிடுகிறார். அங்கே ஒரு வினா கேட்கலாம்: முதல் அடி ஏன் 'கற்றபின்' என்ற இடத்தில் முடிகிறது? கற்றபின் என்ன என்று எதிர்பார்த்து நிற்கும் காதுக்கு அடுத்த அடியின் முதற்சீரே விடை சொல்கிறது. கற்பதையும் கற்றபடி நடப்பதையும் ஒலியாலேயே பிணைக்கிறது அந்த எதுகை. இதைத் தன் சொல்லில் இரண்டு வரி எழுதும் பிள்ளைக்கு, உரைநூல் விடையை ஒப்பித்த பிள்ளையைவிடக் கூடுதல் மதிப்பெண் தரத் தயங்கக் கூடாது.

எழுதச் சொல்லும் முன்பே எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். கையெழுத்தின் அழகையும் கருத்தின் தெளிவையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. ஒற்றுப்பிழை, ளகர ழகர மயக்கம், ஒருமை பன்மை மயக்கம் என எல்லாவற்றையும் ஒரே தாளில் திருத்தினால் பிள்ளை எதையும் பார்ப்பதில்லை. ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழை போதும்.

திருத்திய தாளைக் கொடுத்த அன்றே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதும் தவறுதான். ஒரே ஒரு பத்தியை அந்த வகுப்பிலேயே திரும்ப எழுதச் சொல்லலாம். அந்த மாணவியிடம் ஏலக்குரல் வரியை முதல் வரியாக வைத்து எழுதச் சொன்னேன். செங்கதிரோன் தானாகவே விலகிக்கொண்டான். பனிக்கட்டி உடைக்கும் ஓசையும் ஈரக் கூடைகளும் அந்த இடத்துக்கு வந்தன.