லாரிக்காரர் நீட்டும் ஐந்நூறு வெள்ளியும் அதற்குப் பிறகும்: மலேசியாவில் கார் விபத்து இழப்பீடு பெறுவது எப்படி

பேரம் சாலையோரத்திலேயே தொடங்கிவிடும். "போலீசெல்லாம் வேணாம்ண்ணே, ஐந்நூறு வெள்ளி வச்சுக்குங்க" என்பார் எதிர் வண்டிக்காரர். வாங்காதீர்கள். அவர் விலை பேசுவது நசுங்கிய கதவுக்கு. இரண்டு நாள் கழித்துத் தெரியும் விலா எலும்பு வெடிப்புக்கு அதில் இடமில்லை. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். அந்த ரிப்போர்ட் இல்லாமல் காப்புறுதியும் நகராது, வழக்கும் நகராது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையில், தோட்டத்து மண்பாதை தார் ரோட்டில் ஏறும் முனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றிய லாரி குறுக்கே வெளியேறுகிறது. நேர் ரோட்டில் வந்த உங்கள் கார் அதில் மோதுகிறது. அடிபட்டவர்களைக் கவனித்த பிறகு, வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். பிரேக் தேய்ந்த கோடு, கண்ணாடித் தூள், சிதறிய பழம், லாரி டயர் ரோட்டில் இழுத்துவந்த செம்மண் எல்லாம் சாட்சி. ஒரு மழை பெய்தால் செம்மண் தடம் கரைந்துபோகும். கிட்டப் படம் மட்டும் போதாது. மின்கம்பமோ தோட்டத்துப் பெயர்ப் பலகையோ தெரியும்படி இரு திசையிலிருந்தும் தூரப் படம் வேண்டும். லாரியின் தலைப்பகுதிக்கு ஒரு பதிவெண், இழுவைப் பெட்டிக்கு வேறொரு பதிவெண் இருக்கக்கூடும். இரண்டையும், கதவில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயரையும் எடுத்து வையுங்கள். வழக்கு ஓட்டுநர் மேல் மட்டுமல்ல, வண்டி உரிமையாளர் மேலும்தான் போடப்படும்.

அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டறைக்குக் கார் போக வேண்டும்.

ரிப்போர்ட் மலாயில் தட்டச்சாகும். நீங்கள் பாதித் தமிழும் பாதி மலாயுமாகச் சொன்னது அங்கே வேறு விதமாக விழலாம். "லாரி முனையில் வெளியேறியது" என்றது "நான் முனையில் நுழைந்தேன்" என்று ஆனால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. திருத்தி எழுதும் இரண்டாவது ரிப்போர்ட்டை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 'பின்யோசனை' என்பார். வாசித்துப் பார்த்து, புரியாவிட்டால் மலாய் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லி, அதன்பின் கையெழுத்திடுங்கள். எந்தத் தடத்தில் வந்தீர்கள், ஏறக்குறைய என்ன வேகம், லாரியை எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள் என்பவை இருக்க வேண்டும். தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். அடிபட்டவர் வார்டில் கிடந்தால் குடும்பத்தார் ரிப்போர்ட் செய்யலாம். ஆனால் "எனக்குத் தகவல் வந்தது" என்பதோடு நிறுத்த வேண்டும். பார்க்காத மச்சான் பார்த்தது போலக் கதை சொல்லித்தான் பல வழக்குகள் நொண்டியாகின்றன.

பிறகு விசாரணை அதிகாரியிடமிருந்து வரவேண்டியவை: விபத்து இடத்தின் வரைபடம், அதன் விளக்கக் குறிப்பு, போலீஸ் படங்கள், விசாரணை முடிவு. வரைபடத்தில் ஏ, பி, சி என்று புள்ளிகள் இருக்கும். எது கண்ணாடித் தூள், எது கீறல், எது ரோட்டின் அகலம் என்று விளக்கக் குறிப்பு சொல்லும். கண்ணாடித் தூள் உங்கள் தடத்தில் விழுந்திருந்தால் லாரி உங்கள் பக்கம் வந்ததற்கு அது நல்ல பலம். உங்களுக்குச் சம்மன் வந்தால் 'கட்டித் தொலைப்போம்' என்று நினைக்காதீர்கள்; நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது சிவில் வழக்கில் உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வழக்கமான கார் பாலிசியில் 7 நாள் கெடு. மருத்துவமனையில் இருந்தால் 30 நாள். முழுக் காப்புறுதி வைத்திருந்து தவறு உங்களுடையதல்ல என்றால், உங்கள் நிறுவனத்திடமே காரைப் பழுதுபார்க்கக் கேட்கலாம். கோரிக்கை செய்யாதவருக்குக் கிடைக்கும் என்சிடி கழிவு போகாது. 55 விழுக்காட்டுக் கழிவை எட்டியவர்கள் இதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். காருக்குள் இருந்தவர்கள் விஷயம் வேறு. லாரிமேல் தவறு என்றால் லாரியின் காப்புறுதி அவர்களுக்கும் பதில் சொல்லும். தவறு உங்கள்மேல் என்றால், பயணிகளுக்கான பொறுப்புக் காப்பைக் கூடுதலாக வாங்காத பாலிசியில் அவர்களுக்குப் பணம் கிடைப்பது கடினம். கோயில் திருவிழாவுக்கு ஐந்து பேரை ஏற்றிப் போகும் கார்களில் இந்தக் காப்பு இருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து என்றால் தொழிலாளர் சமூகக் காப்புறுதி அமைப்பான சொக்சோவுக்கும் மனு செய்யுங்கள். படிவம் 34 நிரப்ப வேண்டும்; முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியவர். ஆபீஸ் கிராணியிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், வாட்சப்பிலாவது எழுத்தாக அனுப்புங்கள். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு (எம்சி) இருந்தால் தற்காலிக முடக்கத்துக்கு நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். வழியை விட்டுச் சொந்தக் காரியத்துக்குத் திரும்பியிருந்தால் மனு சிக்கலாகும். லாரிக்காரர் மேல் வழக்குப் போடுவதை சொக்சோ தடுக்காது. ஆனால் வேலை நேரத்தில் தோட்டத்துச் சொந்த டிராக்டர் மோதியிருந்தால், சொக்சோ சட்டத்தின் 31ஆம் பிரிவு முதலாளிமேல் வழக்குப் போட விடாது.

தோட்டத்து ஆள்களுக்குக் கை நழுவுவது சம்பளக் கணக்கில்தான். தோட்டப் பதிவேட்டில் ஏறும் செக்ரோல் கூலிக்குச் சீட்டு உண்டு. குலை வெட்டுக் கூலி, ஞாயிற்றுக்கிழமை வேலை, கான்டிராக்டர் கையில் கொடுத்த புல்வெட்டுப் பணம், மாலையில் விற்ற மாட்டுப்பால் இவற்றுக்கெல்லாம் தாள் இருக்காது. தாள் இல்லாத வருமானத்தை நீதிமன்றம் எளிதில் நம்பாது. விபத்துக்கு முந்தைய 12 மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி (இபிஎஃப்) கணக்கறிக்கை, வங்கிப் புத்தகம், கான்டிராக்டரிடம் கடிதம் என்று உடனே சேகரியுங்கள். கான்டிராக்டர் தோட்டம் மாறிப்போனால் கடிதமும் போயிற்று. மருந்து, வாடகைக் கார், ஊன்றுகோல், பார்த்துக்கொள்ள வந்த ஆளின் கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போனால் ஏன் போனீர்கள் என்று நியாயம் காட்ட வேண்டும். அரசு மருத்துவமனை அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த தேதிச் சீட்டை எறியாதீர்கள்.

வருங்காலச் சம்பள இழப்பின் கணக்கு இப்படி ஓடும். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் செய்த திருத்தம் 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அடிபட்டவருக்கு 30 வயதோ அதற்குக் குறைவோ என்றால் 16 ஆண்டு இழப்பு கணக்கில் வரும். 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்துப் பாதி. 42 வயதுக்காரருக்கு 9 ஆண்டு. முன்பு மாதம் 1,900 வெள்ளி வாங்கியவர் இப்போது இலகு வேலையில் 1,200 வாங்குகிறார் என்றால் இழப்பு 700. 700ஐ 12ஆலும் 9ஆலும் பெருக்கினால் 75,600 வெள்ளி. நிரூபிக்கப்படும் வாழ்க்கைச் செலவு இதில் கழியும். வலிக்கும் காயத்துக்குமான தொகை வேறு. சீட் பெல்ட் போடாததுபோல் உங்கள் பங்கும் இருந்தால் அந்த அளவுக்குக் குறையும். லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம், ஆனால் அது மட்டுமே கவனக்குறைவுக்குச் சாட்சியாகாது.

இறப்பு என்றால் துயர் இழப்பீடு 30,000 வெள்ளி. தலைக்கு 30,000 அல்ல, மொத்தமாக அவ்வளவுதான். இறந்தவரை நம்பியிருந்த துணை, பெற்றோர், பிள்ளைகளுக்காகச் சார்புக் கோரிக்கையும் உண்டு. 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: பதிவுச் சான்றிதழ் இல்லாத மனைவியின் கோரிக்கையை எதிர்த்தரப்பு முதலில் அடிக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருப்பது அப்போது பெரிய துணை.

உயிரோடிருப்பவரின் காயத்துக்கு 6 ஆண்டு கெடு. அரசாங்க வண்டி மோதியிருந்தால் 36 மாதம். மோட்டார் விபத்து வழக்குக்கு செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொகை வரம்பு இல்லை. லாரிக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரிந்தால் எம்ஐபி என்னும் மோட்டார் காப்புறுதியாளர் அமைப்பிடம் போகலாம்.

வார்டுக்கே வந்து "முப்பது பெர்சென்ட் கொடுத்தா போதும், லாயரை நான் பாத்துக்கறேன்" என்னும் ரன்னரிடம், அதாவது வழக்குப் பிடிக்கும் தரகரிடம், அடையாளக் கார்டைக் கொடுக்காதீர்கள். வெற்றித் தொகையில் பங்கு கேட்டு வழக்கு நடத்துவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆம் பிரிவு தடை செய்கிறது. வழக்கறிஞரை நேரில் பாருங்கள், கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள், வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

காப்புறுதி நிறுவனம் சமரசத் தொகை சொல்லும். எலும்பு சேர்ந்துவிட்டதா, கம்பி எடுக்க இன்னொரு அறுவை உண்டா என்று நிபுணரின் கடைசி மருத்துவ அறிக்கை வருவதற்கு முன் ஒப்புக்கொள்ளாதீர்கள். கையெழுத்துக்கு நீட்டப்படும் தாளில் 'முழு மற்றும் இறுதித் தீர்வு' என்று இருக்கும். அதன்பிறகு அந்தக் கம்பியை எடுக்கும் செலவு உங்களுடையது.