பெங்களூரில் வீடு பார்க்கும் முன் வழியைப் பாருங்கள்: சொந்த வண்டி இல்லாமல் வேலைக்குப் போய்வர ஒரு கையேடு

வேலை கிடைத்து பெங்களூருக்கு வரும் இளைஞர்கள் முதலில் வாடகை ஆப்பைத் திறந்து, "இருபதாயிரத்துக்குள் எது இருக்கிறது" என்று பார்க்கிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. இந்த ஊரில் வாடகையும் போக்குவரத்துச் செலவும் ஒரே பில்தான், இரண்டு கையெழுத்தில் வருகிறது, அவ்வளவே. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் வீடு எடுத்தவர்கள்தான் சில மாதம் கழித்து தவணையில் பைக் வாங்குகிறார்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் வண்டிகளோடு இன்னொன்று சேர்கிறது. வண்டி வாங்காமல் சமாளிக்க முடியும். அதற்கான வேலையை வீடு தேடும்போதே செய்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு

மாதத்துக்கு 22 வேலை நாள், 44 பயணம் என்று வையுங்கள்.

ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்ட் முதல் மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். மெட்ரோ நிலையத்திலிருந்து வீடு இரண்டரை கிலோமீட்டர் என்றால் ஒரு தடவைக்கு 45 ரூபாய். 44 தடவைக்கு 1,980 ரூபாய். "உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால் இரண்டாயிரம் குறைவு" என்று புரோக்கர் சொல்லும் வீட்டில் அந்த இரண்டாயிரமும் ஆட்டோவுக்கே போய்விடும். இதுவும் மீட்டர்படி வந்தால்தான். மழை நாளில் ஆப்பில் காட்டும் தொகை வேறு.

மெட்ரோவில் 2025 பிப்ரவரி திருத்தத்துக்குப் பிறகு கட்டணம் 10 ரூபாயிலிருந்து 90 ரூபாய் வரை. ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதம் தள்ளுபடி, கூட்டம் குறைந்த நேரங்களில் இன்னொரு 5 சதவீதம். ஒரு தடவைக்கு 60 ரூபாய் ஆகிற தூரம் என்றால் மாதம் 2,640, கார்டில் 2,508. மெட்ரோவுக்கு மாத பாஸ் கிடையாது என்பதை மனதில் வையுங்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகமான பிஎம்டிசியின் சாதாரண பஸ்ஸுக்கு 2025 ஜனவரி முதல் மாத பாஸ் 1,200 ரூபாய், ஏசி வஜ்ராவுக்கு 2,000. ஆபீஸுக்கு ஒரே பஸ்ஸில் போக முடிகிற வீடு கிடைத்தால் மெட்ரோ செலவில் பாதிதான் ஆகும், ஆனால் நேரம் டிராஃபிக் கையில். வீட்டுப் பக்கத்திலிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் போகும் ஃபீடர் பஸ்ஸுக்காக மட்டும் மாத பாஸ் வாங்காதீர்கள். டிக்கெட் 12 ரூபாய் என்றாலும் 44 தடவைக்கு 528தான்.

பெண்களுக்குக் கணக்கு வேறு. கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் 2023 ஜூன் 11 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு இலவசம், வஜ்ராவில் கிடையாது. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு முகவரி ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் வாங்கத்தான் சொல்வார், அவரோடு வாதாடிப் பயனில்லை. பல வருடம் இங்கே இருக்கப்போகிறீர்கள் என்றால் ஆதாரில் முகவரி மாற்றுங்கள். சிக்கல் என்னவென்றால் 11 மாத வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை, கரண்ட் பில்லோ ஓனர் பெயரில். உங்கள் பெயரில் கேஸ் இணைப்பு எடுத்தால் அந்த ரசீது முகவரிச் சான்றாக உதவும்.

எங்கே தேடுவது

மெட்ரோ வரைபடத்தை எடுத்து ஆபீஸுக்கு நேராகப் போகும் தடத்தைக் குறியுங்கள். ஊதா தடம் செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு காடுகோடி வரை. பச்சைத் தடம் மாதாவராவிலிருந்து சில்க் இன்ஸ்டிட்யூட் வரை. இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன. மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டில் பச்சையிலிருந்து பிரிந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை, 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள்.

தடம் மாறுவதைச் சும்மா விடாதீர்கள். மெஜஸ்டிக்கில் காலை ஒன்பது மணிக்கு இறங்கி, படியேறி, அடுத்த பிளாட்ஃபாரத்தில் ஏற முடியாமல் ஒரு ரயிலை விட்டு அடுத்ததில் ஏறுவதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையத்தின் வாசலில் பை சோதனை வரிசை தனி. மஞ்சள் தடத்தில் ரயில்களின் இடைவெளியையும் பாருங்கள்: திறந்தபோது மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. ரயில் சேரச் சேர அது குறைகிறது, உங்கள் மணிக்கு எப்படி என்று நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது.

"மெட்ரோ வரப்போகுது" என்று சொல்லும் வீட்டுக்கு அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட கூடுதலாகத் தராதீர்கள். மஞ்சள் தடம் பல தேதிகள் தள்ளித்தள்ளி 2025 ஆகஸ்டில்தான் திறந்தது. இன்னும் திறக்காத தடம் உங்கள் 11 மாத ஒப்பந்தத்துக்குள் வரும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதுவரை கிடைப்பது தோண்டிப் போட்ட ரோடும் தூசியும்தான்.

இப்போது நிலையத்தைச் சுற்றி 800 மீட்டருக்கு ஒரு வட்டம் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. அந்த வட்டத்துக்குள் மெயின், கிராஸ் என்று இங்கே சொல்லும் தெருக்களில் ஒவ்வொன்றாக நடந்து, கேட்டில் தொங்கும் "டு-லெட்" போர்டுகளைப் பாருங்கள். பழைய குடியிருப்புகளில் பல வீடுகள் ஆப்புக்கே வருவதில்லை. புரோக்கருக்குத் தரவேண்டிய ஒரு மாத வாடகையும் மிச்சம். அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி தமிழர் தலைமுறைகளாக வாழும் இடங்களில் மெட்ரோ நிலையமும் உண்டு, மளிகைக் கடையில் தமிழிலேயே வீடு விசாரிக்கலாம். அங்கே தெரு குறுகல், வீடு சிறிசு, பார்க்கிங் இல்லை. வண்டி இல்லாதவருக்கு அந்தக் கடைசிக் குறை குறையே இல்லை. "எங்களுக்குப் பார்க்கிங் வேண்டாம்" என்பதை முதலிலேயே சொல்லி வாடகை பேசுங்கள். அந்த இடத்தை ஓனர் வேறொருவருக்குத் தனியாக விடலாம் என்பது அவருக்கும் தெரியும்.

மூன்று பேர், மூன்று ஆபீஸ்

நண்பர்கள் சேர்ந்து வீடு எடுக்கும்போது சண்டை வருவது இங்கேதான். ஒருவருக்கு எலக்ட்ரானிக் சிட்டி, ஒருவருக்கு ஒயிட்ஃபீல்டு, ஒருவருக்கு நாகவாராவில் மான்யதா டெக் பார்க். எல்லோருக்கும் நடுவில் என்று வரைபடத்தைப் பார்த்து ஒரு புள்ளி வைப்பார்கள். இந்த ஊரில் தூரத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லாததால் அது உதவாது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொருவரின் நேரத்தையும் எழுதுங்கள்: கதவைப் பூட்டுவதிலிருந்து ஆபீஸ் சீட் வரை, செவ்வாய் அல்லது புதன் காலை. உதாரணத்துக்கு முதல் வீட்டில் 25, 40, 95 நிமிடம். இரண்டாவது வீட்டில் 55, 55, 60. கூட்டினால் முதல் வீடு 160, இரண்டாவது 170. பலரும் முதல் வீட்டை எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. 95 நிமிடக்காரர் மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார். அவர் பங்கு வாடகை மற்ற இருவர் தலையில் விழும். ஆகவே கூட்டுத்தொகையைப் பார்க்காமல், ரொம்பக் கஷ்டப்படுகிறவரின் நேரம் எந்த வீட்டில் குறைவு என்று பாருங்கள். பக்கத்தில் ஆபீஸ் உள்ளவர் வாடகையில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொள்வதும் நியாயம்தான், ஆனால் அதை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்கப் போகும் நாள்

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு நிலையத்தில் இறங்கி நடந்தே போங்கள். "பத்து நிமிஷம்" என்று சொன்னது பைக்கில் என்பது அப்போதுதான் தெரியும்.

காலடியைப் பாருங்கள். பெங்களூர் நடைபாதை பல இடங்களில் மழைநீர் சாக்கடை மேல் போட்ட கல் பலகைதான். ஒரு பலகை ஆடும், அடுத்தது உடைந்து ஒரு கால் நுழையும் அளவு திறந்திருக்கும், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர் நடைபாதையை முழுக்க அடைத்து உங்களை ரோட்டில் இறக்கிவிடும். எத்தனை இடத்தில் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். தெருவிளக்கு எரிகிறதா, ராத்திரி பத்தரைக்கு ஒரு பெண் தனியாக நடக்கக்கூடிய தெருவா என்பதைக் கூட வருகிற பெண்ணிடமே கேளுங்கள். ஆண்கள் தீர்மானிக்கிற விஷயம் இல்லை அது.

பஸ்ஸில் போகப்போகிறவர்கள் போகும் ஸ்டாப்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். திரும்பி வரும் ஸ்டாப் எதிரிலேயே இருக்காது. ஒருவழிப் பாதையாலோ நடுவில் உள்ள தடுப்பாலோ முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கும். அவுட்டர் ரிங் ரோடு, ஓசூர் ரோடு போன்ற இடங்களில் கடக்க நடைமேம்பாலம் எங்கே என்று பாருங்கள், இல்லாவிட்டால் தினமும் ராத்திரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். நம்ம பிஎம்டிசி ஆப்பில் அந்த ஸ்டாப்பைப் போட்டு, உங்கள் நேரத்தில் எத்தனை பஸ் வருகிறது என்று மூன்று நாளாவது பாருங்கள்.

மழைத் தண்ணீர் இன்னொரு விஷயம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் டிராக்டரில் ஆபீஸுக்குப் போனார்கள். ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெரிய வடிகால் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்தில் பழுப்புக் கோடு, புதிதாக உயர்த்திக் கட்டிய வாசற்படி, தரையோடு தரையாக சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மூடி, இவை மூன்றும் பதில் சொல்லும். சம்ப் மூடி தாழ்வாக இருந்தால் வெள்ளத்தன்று குடிக்கிற தண்ணீரில் சாக்கடை கலக்கும். காவேரித் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள், டேங்கர் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

ஊருக்குப் போய்வர

மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சென்னை ரயில்கள் பல கே.ஆர்.புரத்தில் நிற்கும், அங்கே மெட்ரோ ஒட்டியே இருக்கிறது. எஸ்எம்விடி ரயில் முனையத்தை ஒட்டி மெட்ரோ இல்லை, ஆட்டோ பிடித்தாக வேண்டும். திங்கட்கிழமை விடியற்காலை வந்து இறங்குபவர்களுக்காக 2025 ஜனவரியிலிருந்து ஊதா, பச்சைத் தடங்களில் அன்று மட்டும் 4.15 மணிக்கே முதல் ரயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏழு மணிக்குத்தான் தொடங்கும்.

மின்சார ஸ்கூட்டர் வாங்கியே ஆகவேண்டும் என்றால்

ராத்திரி ஷிஃப்ட் உள்ளவர்களுக்கு மெட்ரோ பதினொரு மணியோடு முடிந்துவிடுவதால் வேறு வழி இல்லாமல் போகலாம். மூன்று யூனிட் பேட்டரியை முழுதாக ஏற்ற சுமார் மூன்றரை யூனிட் ஆகும், இருபது ரூபாய் சுமார். கரண்ட் செலவு பிரச்சினை இல்லை. கீழே பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்பதுதான். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரிடம் கேட்டு, எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயிண்டை உங்கள் மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பொது மீட்டரில் போட்டால் முதல் பில்லிலேயே தகராறு. மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கவிடுவது தீ விபத்துக்கு வழி.

அட்வான்ஸ் உங்களைக் கட்டிப்போடும்

ஐந்து மாதம் முதல் பத்து மாதம் வரை அட்வான்ஸ் கேட்பது இங்கே வழக்கம். ஆபீஸ் மாறினால் வீடும் மாற வேண்டியிருக்கும், ஆனால் இரண்டு லட்சம் ஓனரிடம் முடங்கியிருந்தால் மாற முடியாமல் தினமும் மூன்று மணி நேரம் ரோட்டில் கழிப்பீர்கள். அதனால் வாடகையில் ஐந்நூறு குறைப்பதைவிட அட்வான்ஸில் இரண்டு மாதம் குறைக்கப் பாடுபடுங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான் சொல்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது ஓனரைக் கட்டுப்படுத்தும், ஆனால் பேரம் பேச ஒரு பிடி.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம்: பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார், காலி செய்து எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும், ஒருவர் போனால் அவர் இடத்தில் வேறொருவர் வரலாம். நம் ஊரில் ஒத்தி என்கிற "லீஸ்" வீட்டுக்குப் பெரிய தொகை கேட்டால், வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இடைத்தரகர் கணக்கில் ஒருபோதும் போடாதீர்கள். ஓனர் கணக்குக்கே போக வேண்டும்.

குறையை எழுதும் முறை

குடியேறிய பிறகும் பஸ் போதவில்லை, நடைபாதை இல்லை என்றால் வண்டி வாங்கும் முன் ஒரு மனு எழுதிப் பாருங்கள். "பஸ்ஸே வருவதில்லை" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். ரூட் எண், ஸ்டாப் பெயர், ஐந்து வேலை நாளில் எட்டரை முதல் ஒன்பதரை வரை வந்த பஸ்களின் நேரம், ஏற முடியாமல் நின்றவர்கள் எண்ணிக்கை என்று ஒரே பக்கத்தில் எழுதி, பக்கத்து பிஜி விடுதி, அபார்ட்மென்ட் ஆட்களின் கையெழுத்தோடு பிஎம்டிசிக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் கொடுங்கள். "புதிய ரூட் வேண்டும்" என்பதைவிட "இருக்கிற ஃபீடர் பஸ் இந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும்" என்று கேட்பது எளிதில் நடக்கும், புது பஸ்ஸும் டிரைவரும் அதற்குத் தேவையில்லை.

நடைபாதைக்கு மாநகராட்சி. ஊர் முழுவதற்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பழைய பிபிஎம்பி இப்போது இல்லை. கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்துவிட்டது. உங்கள் தெரு மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எதில் வருகிறது என்று பார்த்து அனுப்புங்கள். உடைந்த பலகையின் படம், பக்கத்துக் கம்பத்தின் எண், கிராஸ், மெயின் எல்லாம் சேர்த்து, முடிந்தால் கன்னடத்தில். எழுதித் தர மளிகைக் கடை அண்ணனையோ ஆபீஸ் நண்பரையோ கேளுங்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு பதினைந்து நாள் கழித்து அதே எண்ணோடு மறுபடி கேளுங்கள்.