டோகமாக் பிளாஸ்மாவை அளக்கப் போகும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, கோபி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பிள்ளைகளில் சிலருக்கு, காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ரொம்ப நல்ல ஆசை. டோகமாக் என்றால், பிளாஸ்மாவை (மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த சூடான வாயுவை) வளைய வடிவக் கலனுக்குள் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் இயந்திரம். 1989இல் அங்கே ஓடத் தொடங்கிய ஆதித்யா டோகமாக், புதுப்பிக்கப்பட்டு 2016 முதல் ஆதித்யா-யு என்ற பெயரில் ஓடுகிறது. போவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்குள்ள பெரும்பாலான கருவிகள் நேராகத் தருவது வோல்ட்டேஜ் மட்டும். வெப்பநிலை, அடர்த்தி எல்லாம் அதன்மேல் நாம் போடும் கணக்கு. தவறு நுழைவதும் அங்கேதான்.

பிளாஸ்மாவில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது, அதைச் சுற்றி வளையமாகப் போடும் ரோகோவ்ஸ்கி என்ற கம்பிச் சுருள். கல்லூரியிலேயே ஒன்று செய்து பழக நினைத்தால், கணபதியிலோ பீளமேட்டிலோ மோட்டார் வைண்டிங் கடையில் கொடுத்துச் சுற்றுங்கள். அந்த அண்ணன்களின் கைக்கு வரும் சீரான சுற்று நமக்கு வராது. ஆனால் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: கடைசிச் சுற்று முடிந்ததும் கம்பி சுருளின் நடு வழியாகவே தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மொத்தச் சுருளும் ஒரு பெரிய வளையமாகவும் வேலை செய்து, ஊடே போகும் வேறு காந்தப்புலங்களையும் பிடித்துக்கொள்ளும். மோட்டாரில் இந்தத் தேவையே கிடையாது. அதனால் நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது இன்டகிரேட்டர். சுருள் தருவது மின்னோட்டம் மாறும் வேகத்தை. அதைத் தொகையிட்டால்தான் மின்னோட்டம் கிடைக்கும். இன்டகிரேட்டரின் ஆர்.சி. (நேர மாறிலி) 1 மில்லி செகண்ட், உள்ளே 1 மில்லிவோல்ட் ஆஃப்செட் (சிக்னல் இல்லாதபோதும் இருக்கும் சிறு வோல்ட்டேஜ்) என்று வையுங்கள். 100 மில்லி செகண்ட் முடிவில் அது 100 மில்லிவோல்ட்டாக வளர்ந்து நிற்கும். வரைபடத்தில் பார்த்தால் பிளாஸ்மா மின்னோட்டமே மெல்ல ஏறுவது போல இருக்கும்! ஷாட்டுக்கு, அதாவது இயந்திரத்தை ஒருமுறை இயக்குவதற்கு, முந்தைய சிக்னலையும் பதிவு செய்து கழியுங்கள். பிளாஸ்மா அணைந்த பிறகு கோடு பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வாயு விடாமல் காந்தச் சுருள்களை மட்டும் இயக்கிய ஷாட் ஒன்றும் கையில் இருக்க வேண்டும். சுருள் கலனுக்கு வெளியே இருந்தால், கலன் சுவரில் ஓடும் மின்னோட்டமும் அளவில் சேர்ந்தே வரும்.

பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் சிறு உலோக முனையான லாங்மியூர் புரோப் பார்க்க எளிது, அதனாலேயே ஏமாற்றும். 3 மி.மீ. விட்டம், 5 மி.மீ. நீளமுள்ள உருளை முனை காந்தப்புலத்துக்குக் குறுக்கே நிற்கிறது. பிள்ளைகள் பக்கப் பரப்பு முழுவதையும், அதாவது 47 சதுர மி.மீ., எடுத்துக்கொள்வார்கள். துகள்களோ காந்தக் கோடு வழியாகத்தான் வருகின்றன; இரு பக்க நிழல் பரப்பு 30 சதுர மி.மீ. தான். 47 போட்டால் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். வெப்பநிலைக்காக, முனையின் வோல்ட்டேஜை மாற்றி மின்னோட்டத்தின் மடக்கையை வரையும்போது, அயனி நிறைவு மின்னோட்டத்தை (அயனிகள் மட்டும் வரும்போது அநேகமாக மாறாமல் நிற்கும் மின்னோட்டத்தை) முதலில் கழியுங்கள். எலக்ட்ரான் நிறைவை நெருங்கும் பகுதியைச் சேர்த்துக் கோடு போட்டால் வெப்பநிலை கூடுதலாக வரும். அந்த எண்ணும் விளிம்புக்குத்தான் பொருந்தும். நடுப் பிளாஸ்மாவுக்குள் நுழைத்தால் முனை தாங்காது.

காந்தப்புல அலைவுகளைப் பிடிக்கும் மிர்னோவ் சுருளில் 12 கிலோஹெர்ட்ஸ் அலைவு இருக்க, நொடிக்கு 20 ஆயிரம் முறை மட்டும் பதிந்தால் திரையில் 8 கிலோஹெர்ட்ஸ் தெரியும். பதிந்த பிறகு எந்த ஃபில்டரும் இதைச் சரிசெய்யாது. சிக்னலை எண்களாக்கும் டிஜிட்டைசருக்கு முன்னாலேயே ஃபில்டர் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே கருவியை நம்புவது. 1958இல் பிரிட்டனின் ஜீட்டா என்ற பிளாஸ்மா இயந்திரத்தில் வந்த நியூட்ரான்களை வெப்ப இணைவின் (வெப்பத்தால் அணுக்கருக்கள் ஒன்றுசேர்வதன்) அடையாளம் என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் திரும்பப் பெற நேர்ந்தது. சோவியத்தின் டி-3 டோகமாக் எட்டிய வெப்பநிலையையும் மேற்கு நாடுகளில் பலர் நம்பவில்லை. 1969இல் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகக் குழு மாஸ்கோவுக்கே ரூபி லேசரைக் கொண்டுபோய், தாம்சன் சிதறல் (எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைப் பார்க்கும் முறை) மூலம் அளந்தது. எலக்ட்ரான் வெப்பநிலை ஒரு கோடி டிகிரி அளவில் இருப்பது உறுதியானது. டோகமாக் உலகம் முழுவதும் பரவியது அந்த அளவீட்டுக்குப் பிறகுதான்.

ஆகவே இரண்டு கருவிகள் ஒத்துப்போகாத ஷாட்டைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடாதீர்கள். ஷாட் எண், ஆம்ப்ளிஃபயர் கெயின் (எத்தனை மடங்கு பெருக்கியது என்ற எண்), மூல வோல்ட்டேஜ் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, முதல் வேலையாக வழிகாட்டியிடம் அதைக் காட்டுங்கள்.