கைபேசிச் செயலியில் ஆங்கிலம்: வீட்டிலிருந்து கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேர்ச்சியும் பெற்றுவிட்டு, நேர்முகத் தேர்வில் நான்கு வாக்கியங்கள் தொடர்ந்து பேசத் திணறுபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கும், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் வகுப்புக்குப் போய்வர நேரமில்லாதவர்களுக்கும் இலவசச் செயலிகள் நல்ல வாய்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாதக்கணக்கில் பயன்படுத்திய பிறகும் பேச்சு வரவில்லை என்ற குறை பரவலாகக் கேட்கிறது. குறை பெரும்பாலும் செயலியுடையதன்று. செயலி எதை அளக்கிறது, நமக்கு வேண்டியது எது என்ற வேறுபாட்டைக் கவனியாமல் விடுவதே பல தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, விடையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்துவிட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்லவும் தெரிந்துவிட்டது என்று எண்ணுவதாகும். பெரும்பாலான செயலிகளில் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து, அதன் கீழே ஏழெட்டு ஆங்கிலச் சொற்களைச் சிறு கட்டங்களாக வைத்து, அவற்றை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். விடை அந்த ஏழெட்டுச் சொற்களுக்குள்தான் இருக்கிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். பொருந்தாத இரண்டை ஒதுக்கிவிட்டால் மிச்சம் தானாக அமைந்துவிடுகிறது. பச்சை நிறம் ஒளிரும், மணியோசை கேட்கும், புள்ளி ஏறும். அதே வாக்கியத்தை மறுநாள் காலையில் திரையைப் பார்க்காமல் சொல்லச் சொன்னால் முதல் சொல்லே வராது. பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும் கோலத்தைப் பார்த்து எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவது வேறு, வெறுந்தரையில் புள்ளி வைத்துத் தானே இழுத்து முடிப்பது வேறு அல்லவா?

இதற்கு மாற்று கடினமானதன்று. தமிழ் வாக்கியம் திரையில் தோன்றியவுடன், கட்டங்களைப் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு, விடையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தொட வேண்டும். சில செயலிகளில் கட்டங்களுக்குப் பதிலாக விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் வசதி உண்டு. அதை இயக்கிக்கொண்டால் எழுத்துப்பிழைகளும் வெளிப்படும். பாடம் முடிந்ததும் அன்று வந்த வாக்கியங்களில் மூன்றையோ நான்கையோ எடுத்து, பெயரையும் இடத்தையும் காலத்தையும் மாற்றித் தம் வாழ்க்கைக்குப் பொருந்தும்படி நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும். யாரோ ஒருவர் நூலகத்துக்குப் போனதாகச் செயலி சொன்னால், நேற்று நாம் ரேஷன் கடைக்குப் போனதாக எழுதலாம். இப்படிச் செய்தால் ஒரு நாளில் முடிக்கும் பாடங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும். குறையட்டும்.

குறைய விடாமல் தடுப்பது தொடர் நாள் கணக்கும் வாராந்தரப் போட்டிப் பட்டியலும்தான். நாள் தவறாமல் வந்தால் நெருப்புச் சின்னத்துக்குப் பக்கத்தில் எண் கூடிக்கொண்டே போகும் ஏற்பாடு, கற்பவரைத் திரும்ப வரவழைப்பதற்காக அமைக்கப்பட்டது. அந்த அளவில் அது பயனுள்ளதே. ஆனால் இரவு பதினொன்றரை மணிக்கு, கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்பதற்காக, ஏற்கெனவே முடித்த எளிதான பாடத்தை இரண்டு நிமிடத்தில் மறுபடி முடிப்பது படிப்பாகாது. தவறு செய்தால் வாய்ப்பு குறையும் அமைப்புள்ள செயலிகளில் வேறொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வாய்ப்பை இழக்க அஞ்சி, கற்பவர் தெரிந்த பகுதிகளையே சுற்றிச் சுற்றி வருகிறார். தவறு செய்யாமல் மொழி படிந்ததாக எங்கும் கதையில்லை.

தொடங்கும் நிலையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதும் இதனோடு தொடர்புடையது. பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர், பட்டதாரியாகவும் இருப்பவர், எதற்கும் இருக்கட்டும் என்று எழுத்து வரிசையிலிருந்தும் பழங்களின் பெயர்களிலிருந்தும் தொடங்குகிறார். முதல் மாதம் முழுவதும் விடைகள் சரியாகவே வருவதால் உற்சாகமாக இருக்கும். கற்றது மட்டும் ஒன்றுமிராது. பல செயலிகள் தொடக்கத்தில் நிலையறியும் தேர்வு ஒன்றை வைத்திருக்கின்றன. அதைத் தவிர்க்காமல், அகராதியைப் புரட்டாமல் எழுத வேண்டும். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் தொடக்க நிலையான ஏ1 முதல் உயர்நிலையான சி2 வரை ஆறு நிலைகளை வகுத்திருக்கிறது. பல செயலிகள் இதையே பின்பற்றுகின்றன. நம்மவர்களில் பலர் வாசிப்பில் பி1 நிலையிலும், பேச்சில் ஏ1 நிலையிலும் இருப்பார்கள். ஒரே நிலையை எல்லாத் திறனுக்கும் வைத்துக்கொள்ளாமல், வாசிப்புப் பாடத்தை மேலிருந்தும் பேச்சுப் பயிற்சியைக் கீழிருந்தும் தொடங்குவது இவர்களுக்கு ஏற்றது.

பேச்சுப் பயிற்சியைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் கைவிடுகிறார்கள். பேசிக் காட்ட வேண்டிய பயிற்சி வரும்போது, இப்போது பேச இயலாது என்னும் பொத்தானை அழுத்தித் தாண்டிச் செல்லலாம். பேருந்தில் இருப்பவருக்காக வைத்த அந்த வசதியை, கூடத்தில் மாமியாரோ தம்பியோ இருக்கிறார்கள் என்ற கூச்சத்தால் நாள்தோறும் பயன்படுத்தினால், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறன்களில் எதற்காகச் செயலியைத் திறந்தோமோ அது மட்டும் பயிற்சி பெறாமல் நின்றுவிடும். மாடிப்படியோ, துணி காயப்போடும் நேரமோ, கதவைச் சாத்திக்கொண்ட பத்து நிமிடமோ ஒன்றை இதற்கென்று ஒதுக்கத்தான் வேண்டும். அன்றைய வேலைகளை ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லிக் கைபேசியின் ஒலிப்பதிவு வசதியில் பதிந்து, மறுநாள் கேட்டுப் பார்க்கலாம். தம் குரலைக் கேட்பது முதலில் சங்கடமாக இருக்கும். ஆனால் எங்கே தயங்குகிறோம், எந்தச் சொல் அகப்படாமல் தவிக்கிறோம் என்பதை இதைப் போல எந்தச் செயலியும் காட்டாது.

உச்சரிப்பைச் செயலி சரியென்று ஏற்றுக்கொண்டால் அது சரி என்று நம்பிவிடுவதும் தவறு. செயலி எந்த வாக்கியத்தை எதிர்பார்க்கிறது என்பது அதற்கே தெரியும் என்பதால், ஏறத்தாழப் பொருந்தினாலும் ஏற்றுக்கொள்ளக்கூடும். அதைவிடக் கறாரான சோதனை கைபேசியின் விசைப்பலகையிலேயே இருக்கிறது. மொழியை இந்திய ஆங்கிலம் என்று வைத்து, குரல்வழித் தட்டச்சைத் திறந்து, முழு வாக்கியமாக இல்லாமல் தனிச்சொல்லாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வாக்கியமாகச் சொன்னால் முன்பின் சொற்களை வைத்து ஊகித்து நம் பிழையை அது மறைத்துவிடும். தமிழர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எகரத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் யகரத்தையும், ஒகரத்தில் தொடங்குபவற்றுக்கு முன்னால் வகரத்தையும் நம்மையறியாமல் சேர்த்துவிடுகிறோம். ‘எக்ஸாம்’ ‘யெக்ஸாம்’ ஆகிவிடுகிறது. மெய்யில் முடியும் சொற்களோடு உகரத்தைச் சேர்த்து ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்கிறோம். இவற்றைவிட முக்கியமானது அழுத்தம். ‘ஹோட்டல்’, ‘டெவலப்’ ஆகிய சொற்களை நாம் முதல் அசையில் அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் இரண்டிலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுகிறது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை, ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசை. ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் அழுத்தம் இடம் மாறிவிட்டால், தமிழ் தெரியாத ஒருவர் நம்மைத் திரும்பச் சொல்லச் சொல்வார்.

உச்சரிப்பை நோட்டில் தமிழ் எழுத்தால் குறித்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ‘பேக்’ என்று எழுதிவைத்தால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா, மூட்டை கட்டுவதா, அடுப்பில் ரொட்டி சுடுவதா என்று ஒரு வாரம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. ஆங்கிலத்தில் அவை நான்கும் வெவ்வேறு ஒலி. (இக்கட்டுரை ஆங்கிலச் சொற்களைத் தமிழில் தருவது வாசிக்கும் வசதிக்காகவே.) சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி, அழுத்தம் விழும் அசையின் கீழே கோடிட்டு, ஒலியைச் செயலியிலேயே மீண்டும் கேட்டுக்கொள்வதே சரியான முறை.

இலக்கணத்துக்கு வருவோம். நிறையக் கேட்டால் இலக்கணம் தானாகப் படிந்துவிடும் என்று செயலிகள் விளக்கத்தைச் சுருக்கிவிடுகின்றன. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் ஒலிக்கும் சூழலில் வளரும் குழந்தைக்கு அது பொருந்தும். நாளுக்கு இருபது நிமிடம் மட்டும் ஆங்கிலத்தைத் தொடும் பெரியவருக்குப் பொருந்தாது. குறிப்பாகத் தமிழும் ஆங்கிலமும் விலகிச் செல்லும் இடங்களில் விளக்கம் தேவை. ‘வங்கியில் வேலை செய்கிறேன்’ என்னும் ஒரே தமிழ் வடிவம், வழக்கமாகச் செய்வதையும் இந்த நொடியில் செய்துகொண்டிருப்பதையும் குறிக்க வல்லது. ஆங்கிலத்தில் ‘ஐ வொர்க்’, ‘ஐ ஆம் வொர்க்கிங்’ என்று இரண்டாகப் பிரிகிறது. இந்த வேறுபாடு புரியாதவர் எல்லாவற்றையும் இரண்டாவது வடிவிலேயே பேசி, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார். ‘வந்தான்’ என்றால் யார் என்பது வினைமுற்றிலேயே அடங்கியிருக்கிறது; ஆங்கிலத்தில் அந்த ‘ஹி’ வெளியே வந்தே ஆக வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘தி’ போன்ற சிறு சொற்களுக்குத் தமிழில் நிகரான அமைப்பு இல்லாததால் அவை கண்ணிலேயே படுவதில்லை. செயலி ஒரு விடையைத் தவறு என்று சிவப்பில் காட்டினால், சரியானதைத் தொட்டுவிட்டு நகராமல், ஏன் என்று தமிழில் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். எழுத முடியவில்லையென்றால் அதுதான் அன்று இலக்கண நூலில் பார்க்க வேண்டிய பகுதி.

சொல் சேகரிப்பில் ஆர்வம் அளவு மீறிப்போவதும் உண்டு. தினம் பத்துப் புதுச்சொல் என்று அறிவிப்பு அனுப்பும் செயலிகள், கேட்பதற்குக் கம்பீரமான, பேச்சில் வராத சொற்களைத் தேடித் தருகின்றன. டாக்காவில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்களே இருந்தன. சாதாரண எழுத்திலும் பேச்சிலும் பெரும்பகுதி அத்தகைய சிறிய சொற்குவியலாலேயே ஆனது. அவற்றைத் தயக்கமின்றிக் கையாளத் தெரிவதே முதல் இலக்கு. சொல்லைத் தனியாக அன்றி அது வரும் வாக்கியத்தோடு, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். படித்தது முதல் ஓரிரு நாட்களிலேயே வேகமாக மறந்துபோகிறது என்பதை எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1885இலேயே தம்மீதே சோதித்துக் காட்டிவிட்டார். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக அட்டைகளைக் காட்டும் ஆன்கி என்னும் நினைவட்டைச் செயலி, திரும்பப் பார்க்க வேண்டிய இடைவெளியைத் தானே கணக்கிட்டுக் கேட்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் இலவசம், ஐபோனில் கட்டணம் உண்டு.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் வந்த பிறகு புதிய தவறு ஒன்று சேர்ந்திருக்கிறது. கடிதத்தைத் தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்பவர் ஒரு வேலையை முடித்தாரே தவிர எதையும் கற்கவில்லை. முதலில் தாமே எழுதி, பிழைகளை மட்டும் சுட்டி, காரணத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்பதே கற்பவருக்கு உதவும். அவ்வாறு கேட்காவிட்டால், பிழையான ஆங்கிலத்தையும் புரிந்துகொண்டு அது உரையாடலைத் தொடர்ந்துவிடும். முன்பின் அறியாதவர்களோடு குரலில் பேசவைக்கும் செயலிகளில் கைபேசி எண்ணையும் ஊரையும் சொல்லாதிருப்பதும், உரையாடல் வேறு திசையில் போனால் உடனே துண்டிப்பதும் அவசியம்.

இலவசம் என்ற சொல்லை அப்படியே நம்புவது பணத்தையும் இழக்கச் செய்யும். ஏழு நாள் இலவசச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளும்போது யுபிஐ ஆட்டோபே மூலமோ அட்டை மூலமோ தானியங்கிச் சந்தாவுக்கும் பெரும்பாலும் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்பதில்லை. ப்ளே ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, கட்டணங்களும் சந்தாக்களும் என்ற பகுதிக்குச் சென்று ரத்து செய்ய வேண்டும். அனுமதிகளிலும் கவனம் தேவை. உச்சரிப்புப் பயிற்சிக்கு மைக் வேண்டும், அதையும் பயன்படுத்தும்போது மட்டும் என்று வரையறுக்கலாம். தொடர்பு எண்களையும் குறுஞ்செய்திகளையும் கேட்டால் மறுத்துவிடலாம். ஆங்கிலம் கற்பிக்க அவை தேவையில்லை.

ஒரே நேரத்தில் நான்கைந்து செயலிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பாடங்களை மட்டும் முடிப்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்றை எடுத்து அதை முடிக்க வேண்டும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, முடித்த பிறகும் செயலியை விட்டு வெளியேறாமல் இருப்பது. செயலி தரும் வாக்கியங்கள் அளந்து வெட்டப்பட்டவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. பத்து நிமிடம் தொடர்ந்து ஒரு பொருளைப் பின்பற்றிப் படிக்கும், கேட்கும் பழக்கத்தை அவை தருவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தின் உரைநடைப் பாடங்களை வாய்விட்டுப் படித்துச் சுருக்கம் எழுதுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேட்பதற்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் வழங்கும் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது. முதல்முறை எழுத்தைப் பார்க்காமலும், இரண்டாம் முறை பார்த்துக்கொண்டும், மூன்றாம் முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தித் திரும்பச் சொல்லியும் கேட்க வேண்டும். முதல்முறையிலேயே எழுத்தைத் திறந்துவிட்டால் கண்தான் பயிற்சி பெறும், காது பெறாது.