ரீஃப் டேங்குக்கு ரியாக்டர் வாங்கும் முன்

சிங்கப்பூரில் எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் பவளம் வளர்க்க 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி (ரீஃப் டேங்க்) வைத்தபோது, 600 லிட்டருக்கான ரியாக்டரை வாங்கினேன். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மணிகளை (மீடியா) நிரப்பி, அவற்றின் ஊடே பம்ப் தண்ணீரைச் செலுத்தும் குழாய் அது. பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற நினைப்பு. அதன் குழாய் நிறைய ஜிஎஃப்ஓ கொட்டினேன். பாசியை வளர்க்கும் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இரும்பு ஆக்ஸைடு மணிகள் அவை. 0.25 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) இருந்த பாஸ்பேட், நான்கே நாளில் டெஸ்ட் கிட்டில் தெரியாத அளவுக்கு இறங்கியது. ஒரே கொண்டாட்டம். அடுத்த வாரம் அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் நுனிகள் வெளுத்தன. பிறகு மணல் மேல் குமிழி கோத்த பழுப்புச் சளி படர்ந்தது: டைனோஃப்ளாஜலேட், சுருக்கமாக டைனோ என்கிற நுண்ணுயிர். அதை விரட்ட மூன்று மாதம் ஆயிற்று.



பவளத்துக்கும் அதன் உடலுக்குள் வாழும் பாசிக்கும் பாஸ்பேட் கொஞ்சம் வேண்டும். 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் பெரும்பாலான தொட்டிகள் நன்றாகவே ஓடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்டால் மற்ற பாசிகள் பட்டினியில் ஒடுங்கும், காலியான இடத்தில் டைனோ குடியேறிவிடும். எனவே ரியாக்டருக்கு முன் நல்ல பாஸ்பேட் டெஸ்ட் வாங்குங்கள். சில டிஜிட்டல் செக்கர்கள் பாஸ்பேட்டைக் காட்டாமல் பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுக்க வேண்டும். 10 என்று வந்தால் 0.03 பிபிஎம், அதாவது எல்லாம் சரி. இது தெரியாமல் எண்ணைப் பார்த்துப் பதறி ஜிஎஃப்ஓ கொட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மீடியாவின் அளவைத் தொட்டிப் பெட்டியில் அச்சிட்ட லிட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பாறையும் மணலும் போக என் 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 160 லிட்டர்கூடத் தேறாது. அதற்கும் பாக்கெட்டில் சொன்னதில் பாதி போட்டு ஆரம்பித்து, வாரம் இருமுறை அளந்து பாருங்கள்.

ரியாக்டர் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. தண்ணீரின் மஞ்சளை எடுக்கும் கார்பன் (ஆக்டிவேட்டட் கரி) மட்டும் போதும் என்கிற சிறு தொட்டிக்கு, சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் தொட்டி) தண்ணீர் கட்டாயம் கடந்து போகும் இடத்தில் ஒரு வலைப்பை வைத்தால் போதும். ஜிஎஃப்ஓ அப்படி இல்லை. பையில் போட்டால் கட்டி தட்டி, நடுவில் இருக்கும் மணிகள் வீணாகும். அதற்கு ரியாக்டர் உதவும், ஆனால் பெரிய பம்ப் கூடாது. மேல் அடுக்கு மெல்லத் துள்ள வேண்டும், அவ்வளவுதான். வேகம் கூடினால் மணிகள் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகித் தொட்டியைக் கலக்கிவிடும். கார்பன் துள்ளவே கூடாது. இரண்டையும் ஒரே குழாயில் போட்டால் யாருடைய வேகத்துக்கு வால்வைத் திருப்புவது? ஃபில்டர் சாக்கை (குப்பையைப் பிடிக்கும் துணிப்பை) தாண்டிய தண்ணீரை ரியாக்டருக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவே குப்பை சேரும் இடமாகிவிடும்.

கார்பனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கொட்டாங்குச்சியிலிருந்து அருமையான ஆக்டிவேட்டட் கார்பன் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். ஊர்ப் பாசத்தில் நானும் அதைத்தான் முதலில் தேடினேன். ஆனால் கொட்டாங்குச்சிக் கரியின் துளைகள் மிகச் சிறியவை. குடிநீரில் குளோரினை எடுக்க அது கெட்டிக்காரக் கரி. தொட்டித் தண்ணீரை மஞ்சளாக்கும் பெரிய கரிம மூலக்கூறுகளுக்கு, இன்னும் அகலமான துளைகள் கொண்ட நிலக்கரிக் கார்பன் பொருந்தும். எதை வாங்கினாலும், ஒரு பிடியை ஆர்ஓ தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் அளந்து பாருங்கள். சில கார்பன்கள் தாமே பாஸ்பேட்டைக் கசியவிடும். பயன்படுத்தும்போது கருப்பு நீர் வராத வரை அலசுங்கள். நெடுநாள் மஞ்சளாகவே இருந்த தொட்டியில் முழு அளவு கார்பனை ஒரே நாளில் போடவும் வேண்டாம். தண்ணீர் திடீரெனத் தெளிந்தால் வெளிச்சம் சடாரென்று கூடிப் பவளம் வெளுக்கக்கூடும்.

நன்னீர் மீன் கடையில் கார்பனோடு வெள்ளைச் சில்லுகள் கலந்து, அம்மோனியா எடுக்கும் என்று விற்பார்கள். அந்தச் சில்லு ஜியோலைட் என்ற கனிமம். நன்னீரில் பிடித்த அம்மோனியாவைக் கழற்றிவிட்டு அதைப் புதுப்பிக்கவே உப்புத் தண்ணீரில்தான் ஊறவைப்பார்கள். அப்படியென்றால் கடல்நீரில் அது எப்படி வேலை செய்யும்? ரீஃபுக்கென்றே இருக்கும் ஜியோலைட் முறைகள் வேறு கதை, தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம். அலுமினிய ஆக்ஸைடு பாஸ்பேட் மீடியாவையும் லெதர் கோரல் (கல் எலும்பில்லாத சாஃப்ட் கோரல் வகை) வளர்ப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. அது பட்டால் சில சாஃப்ட் கோரல்கள் சுருங்கிக்கொள்கின்றன.

ஜிஎஃப்ஓ சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று புலம்புபவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றுதான். ஜிஎஃப்ஓ சிலிகேட்டையும் பிடிக்கும். சிலிகேட் கலந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் பாதி மணிகள் அதற்கே போய்விடும். ஆர்ஓ, அதன்பின் டிஐ (மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் ரெசின்), மீட்டரில் 0 டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு). சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) இருக்கிறது. மலிவான கார்பன் ஃபில்டர் அதைச் சரியாக உடைக்காது, உடைத்தாலும் அம்மோனியா மிஞ்சும், அதைப் பிடிக்க டிஐ வேண்டும். டிடிஎஸ் மீட்டர் குளோரமைனைத் தனியாகக் காட்டாது. மொத்தக் குளோரின் டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை ஆர்ஓவிலிருந்து வரும் தண்ணீரில் நனைத்துப் பார்க்கிறேன். நிறம் மாறினால் ஆர்ஓவுக்கு முன்னால் இருக்கும் கார்பன் பிளாக்கை (கட்டிக் கரி ஃபில்டர்) அன்றே மாற்றிவிடுவேன்.