புதுச் சொகுசுக் காரில் விடாமல் வரும் எலக்ட்ரானிக் கோளாறு: நாம் செய்யும் தவறுகள்

சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போனால் கார் சமர்த்தாக இருக்கும். திரும்பி வரும் வழியிலேயே திரை கறுத்துப்போகும், பார்க்கிங் சென்சார் காரணமில்லாமல் கத்தும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தை மாதிரிதான். இப்படி வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்கத் தடயம் வேண்டும். அந்தத் தடயத்தைப் பல நேரம் நாமே அழித்துவிடுகிறோம்.

வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் நம் புகாரை எழுதும் படிவமான ஜாப் கார்டில் "எலக்ட்ரிக்கல் பிரச்சினை, செக் செய்யவும்" என்று எழுதவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்தான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. மெக்கானிக் ஒரு ஸ்கேன் போடுவார், ஒரு சுற்று ஓட்டுவார், "கோளாறு எதுவும் தெரியவில்லை" என்று சாவியைத் தந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ராத்திரி முழுக்க நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, மழைக்கு மறுநாள் வருகிறதா, போனை இணைத்தால் மட்டும் வருகிறதா என்று சொன்னால்தான் எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியும். மழைக்குப் பிறகு என்றால், சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைத்துத் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்ப்பார். தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் குறித்து வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் கோளாறு பிரேக்கிலோ ஸ்டியரிங்கிலோ என்றால் வீடியோ, ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஓரமாக நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது, கையில் கிடைத்த ஸ்கேனரால் எரர் கோடை, அதாவது கோளாறு வந்ததும் கார் தன் நினைவில் பதிந்துகொள்ளும் குறியீட்டை, அழிப்பது. கோடு பதிவாகும் நொடியில் வண்டியின் வேகம், எஞ்சின் சுழற்சி, வெப்பநிலை போன்ற விவரங்களும் பெரும்பாலும் கூடவே பதிவாகும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது இதைத்தான். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி வயரைக் கழற்றி "ரீசெட்" செய்தாலும் பல வண்டிகளில் இதே கதிதான். கோடைப் படிக்கலாம், போட்டோ எடுக்கலாம், அழிக்க மட்டும் கூடாது.

பத்து கோடு வந்தால் பத்துப் பாகம் கெட்டுவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். காரில் இருக்கும் கன்ட்ரோல் மாட்யூல்கள், அதாவது ஒவ்வொரு வேலையையும் கவனிக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள், ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். 1986-ல் ஜெர்மன் நிறுவனமான பாஷ் அறிமுகப்படுத்திய கேன் (CAN) முறை அதற்குத்தான்: முறுக்கிய இரண்டு வயர்களில் எல்லாச் செய்தியும் ஓடும். ஒரு மாட்யூல் வாயை மூடினால் மற்றவை எல்லாம் புகார் சொல்லும். 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் இந்தத் தகவல் தொடர்பைப் பற்றியவை. புகார் சொல்வது ஒன்று, கெட்டது இன்னொன்று என்று இருக்கும். அதனால், கோடில் பெயர் வந்த பாகத்தை உடனே மாற்றச் சொல்லி நாம் அடம்பிடித்தால், பல நேரம் நல்ல பாகம்தான் வெளியே போகும். லூசான எர்த் வயர் அங்கேயே இருக்கும்.

என் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது 12 வோல்ட் பேட்டரி. புது கார்தானே, பேட்டரியும் புதிதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். கார் நம் கைக்கு வருமுன் யார்டில் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கலாம். ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. வோல்ட்டேஜ் இறங்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். அடியில் பெரிய பேட்டரி உள்ள மின்சாரக் காருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் அதன் மாட்யூல்களுக்கும் இந்தச் சின்ன பேட்டரிதான் சோறு போடுகிறது.

அப்புறம் நாம் வெளியில் மாட்டிய டேஷ்கேம், ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டிய டிராக்கர். பூட்டிய கார் தூங்கிவிட வேண்டும். அப்போது இழுக்கும் மின்சாரம் பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். இந்தச் சாமான்கள் அதைத் தூங்கவிடாது. கீலெஸ் சாவியைக் காரை ஒட்டியே வைத்திருந்தாலும் சில கார்கள் விழித்துக்கொண்டே இருக்கும். சர்வீஸுக்கு விடும் முன் இவற்றைக் கழற்றிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் பழி முதலில் அங்கேதான் விழும், வாரண்டி பேச்சும் சிக்கலாகும்.

சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் மறுக்க வேண்டாம், ஆனால் அதோடு சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பிருந்த பதிப்பு எண், புதிய எண் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். இந்தக் கோளாறுக்குத் தயாரிப்பாளர் சர்வீஸ் சென்டர்களுக்கு அனுப்பும் பழுதுக் குறிப்பு, அதாவது டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின், வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

"ஐந்து நிமிஷ வேலைதான் சார், ஜாப் கார்டு எதற்கு" என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டால் அந்த வருகை நடக்கவே இல்லை என்றாகிவிடும். மாற்றுக் கார், பணம் திரும்ப என்று போகும் நிலை வந்தால், எத்தனை முறை வந்தோம், எத்தனை நாள் கார் உள்ளே நின்றது என்பதைக் காகிதம்தான் சொல்லும். காலை முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வருகிற கோளாறு என்றால் காரை முந்தின நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் டெக்னீஷியனே முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று அந்த ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.