நான்காம் நிலை என்றதும் நாம் செய்யும் தவறுகள்

“இன்னும் எத்தனை மாதம்?” நுரையீரல் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது, அதாவது நான்காம் நிலை என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பதில் தவறில்லை. கிடைக்கும் எண்ணைக் கெடுவாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. இடைநிலை ஆயுள் 12 மாதம் என்றால், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்றும் பொருள். அவர்களில் சிலர் பல ஆண்டுகள் இருந்திருப்பார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, தொலை உறுப்புகளுக்குப் பரவிய பிறகு நோய் தெரியவந்தவர்களில் ஐந்தாண்டு கடப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 10 பேர். கசப்பான எண்தான், பூசி மெழுக வேண்டாம். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கு எப்போதும் பழைய நோயாளிகளின் கணக்கு. அவர்களில் பலருக்கு இன்றைய மருந்துகள் கிடைக்கவில்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். கல்லீரலில் கட்டி தெரிந்தால் “கல்லீரல் புற்றுநோயும் வந்துவிட்டது” என்கிறோம். அங்கே இருப்பது நுரையீரலிலிருந்து போன செல். சிகிச்சையும் நுரையீரல் புற்றுநோய்க்கானதே.

பரவல் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பதும் பிழை. நான்காம் நிலைக்குள்ளேயே மருத்துவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள்: மறுபக்க நுரையீரலோடு அல்லது நுரையீரல் உறையோடு நின்றதா, மார்புக்கு வெளியே ஒரே இடத்தில் உள்ளதா, பல இடங்களிலா? மூளையிலோ சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியிலோ ஒற்றைக் கட்டி மட்டும் இருந்தால், அறுவை சிகிச்சையோ துல்லியக் கதிர்வீச்சோ சிலருக்கு நீண்ட ஆயுளைத் தந்திருக்கிறது. கல்லீரலுக்குப் பரவினால் பொதுவாக நிலைமை கடினம்.

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே பெரிய இழப்பைத் தரும் தவறு கட்டியின் மரபணுப் பரிசோதனையைத் தவிர்ப்பது, அல்லது முடிவு வருமுன் அவசரப்படுவது. நுரையீரல் புற்றுநோயின் இரு பெரும் வகைகளான சிறுசெல், சிறுசெல் அல்லாதது என்பவற்றில் இரண்டாவதில், அதிலும் அதன் உட்பிரிவான அடினோகார்சினோமாவில், இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் இருக்கின்றனவா என்பது ஆயுளையே மாற்றக்கூடிய செய்தி. ஏ.எல்.கே. மாற்றம் உள்ளவர்களிடம் லார்லாட்டினிப் மாத்திரையைச் சோதித்த ஆய்வின் முடிவு 2024இல் வெளியானது: ஐந்தாண்டு கழித்தும் 60 சதவீதத்தினருக்கு நோய் முன்னேறவில்லை. அந்த மாத்திரை மூளைக்குள்ளும் செல்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருப்பது தெரியாமல், உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நோயெதிர்ப்புச் சிகிச்சையை முதலில் கொடுத்துவிட்டு, உடனே அந்த மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி அபாயம் கூடுகிறது. நோயாளியின் நிலை தாங்குமென்றால் முடிவுக்குச் சில நாள் காத்திருப்பது தாமதம் ஆகாது. சிறுசெல் வகையின் கதை வேறு. அது வேகமாகப் பரவும். அங்கே காத்திருக்க நேரமில்லை.

வலி தணிப்புச் சிகிச்சை என்றதும் “கைவிட்டுவிட்டார்கள்” என்று அழுவோர் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் தெரிந்த உடனேயே அந்தச் சிகிச்சையையும் சேர்த்துப் பெற்றவர்கள் இடைநிலையாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். மனச்சோர்வும் முதல் குழுவில் குறைவு.

புதிதாக வந்த முதுகுவலியை வயதின் மீது போடுவது இன்னொரு தவறு. எலும்புக்குப் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்தலாம். கால் தளர்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் பிறகும் நடக்கிறார்கள்.